நூலகத்தில் பொம்மலாட்டம்

நூலக மன்ற மாணவியர், மேல்நிலை இரண்டாம் ஆண்டு

முன்னுரை

நூலகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? வரிசை வரிசையாக அலமாரிகள். தலை கவிழ்ந்து நாளிதழ் படிக்கும் பெரியவர்கள். சுவரில் ‘அமைதி காக்க’ என்னும் பலகை. அங்கே பாட்டுக்கும் கூத்துக்கும் என்ன வேலை என்றுதான் நாங்களும் முதலில் எண்ணினோம். நம் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் சிறுவர் சிறுமியருக்குக் கலை நிகழ்ச்சி நடத்தி, அதன் வழியே அவர்களை வாசிப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் மன்றப் பொறுப்பாசிரியை கூறியபோது, எங்களில் பலருக்கு அது விளையாட்டாகவே பட்டது. அது வெறும் விளையாட்டு அன்று என்பதை ஒரு சிறுமி எங்களுக்கு உணர்த்தினாள். அவளைப் பற்றியும், அவளால் நாங்கள் கற்ற பாடத்தைப் பற்றியும் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நியூயார்க்கில் மூன்று ராஜாக்கள்

பொறுப்பாசிரியை எங்களுக்கு முதலில் சொன்னது ஒரு நூலகரின் வரலாறு. கரீபியக் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ என்னும் தீவில் பிறந்தவர் பூரா பெல்ப்ரே. அத்தீவு மக்கள் பேசுவது ஸ்பானிஷ் மொழி. 1920 இல் தம் சகோதரியின் திருமணத்துக்காக நியூயார்க் நகரம் வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். 1921 இல் அந்நகரப் பொது நூலகத்தின் ஹார்லெம் பகுதிக் கிளையில் பணியில் சேர்ந்தார். பிழைப்பைத் தேடித் தீவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நகரில் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அலமாரிகளைப் புரட்டிப் பார்த்த பெல்ப்ரே, தம் பாட்டி தமக்குச் சொன்ன தீவுக் கதைகளில் ஒன்றுகூட அங்கே நூலாக இல்லை என்பதைக் கண்டார்.

பெரஸ் என்னும் எலிக்கும் மார்ட்டினா என்னும் கரப்பான்பூச்சிக்கும் நடந்த திருமணக் கதை அவர் பாட்டியிடம் கேட்ட கதைகளுள் ஒன்று. அதைப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். பொம்மைகள் செய்து ஆட்டிக் காட்டினார். 1932 இல் அக்கதை நூலாக வெளிவந்தது. 1929 இல் 115 ஆம் தெருக் கிளைக்கு மாற்றலான பின், சனவரி 6 ஆம் நாள் தீவு மக்கள் போற்றிக் கொண்டாடும் மூன்று ராஜாக்கள் திருநாளை நூலகத்திலேயே கொண்டாட வைத்தார். மாட்டுத் தொழுவத்துக்கு வழி தேடி வந்த மூவரும் நூலகத்துக்கும் வழி காட்டினார்கள் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டோம். தங்களுக்கு உரிய இடம் அன்று என்று ஒதுங்கி நின்ற தாய்மார்கள் பிள்ளைகளைக் கைப்பிடித்து உள்ளே வருவதற்கு அவருடைய பணி வழி செய்தது. பெல்ப்ரே 1982 இல் மறைந்தார். அவர் பெயரால் 1996 முதல் சிறுவர் நூல்களுக்கு அமெரிக்காவில் விருது வழங்கப்பட்டு வருகிறது.

பிள்ளை நூலகத்துக்குள் வர வேண்டுமானால், அந்தப் பிள்ளையின் வீட்டுக் கதை முதலில் நூலகத்துக்குள் வர வேண்டும். இதுவே அவர் வாழ்விலிருந்து நாம் அறியும் செய்தி.

நம் மண்ணில்

இவ்வழி நம் நாட்டுக்கும் புதிதன்று. மன்னார்குடிப் பகுதியில் 1931 இல் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றார்கள். நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதன் தம் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுவதற்கே என்பதும், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் அவர் கைக்குச் சேர வேண்டும் என்பதும் அவ்விதிகளின் கருத்து. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948 இல் நம் சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. வீட்டுக்குச் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. ஆகவே நூலகம் எவரோ நமக்கு இட்ட பிச்சை அன்று. நம் வீட்டார் கொடுத்த காசில் நடக்கும் நம் சொத்து.

கலையால் எழுத்தறிவு வளர்ந்த கதையும் நம் மாநிலத்தில் உண்டு. 1991 இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம் அதற்குச் சான்று. பாட்டுக் குழுக்களும் வீதி நாடகக் குழுக்களும் ஊர் ஊராகச் சென்றன. கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் பாட்டைக் கேட்டுக் கூடினர். எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்நாளில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பாட்டைக் கேட்டதனாலேயே யாரும் எழுத்தறிந்தவர் ஆகிவிடவில்லை. பாட்டு முடிந்த பின், நாள்தோறும் மாலையில் தொண்டர்கள் அமர்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பாட்டு மக்களை அழைத்து வந்தது. பாடம் அவர்களைப் படிக்க வைத்தது. இதைப் பொறுப்பாசிரியை எங்களுக்கு விளக்கிச் சொன்னார். நாங்கள் தலையை ஆட்டினோம், மனத்தில் வாங்கவில்லை.

எங்கள் முதல் சனிக்கிழமைகள்

நூலகர் அம்மா எங்களுக்கு ஒதுக்கியது சிறுவர் பகுதியின் மூலையும் பின்புறத் தாழ்வாரமும். நேரம் காலை 10 முதல் 12 வரை. பழைய காலுறைகளில் பொத்தான் தைத்துக் கண் வைத்தோம். கம்பளி நூலால் முடி வைத்தோம். மேசையைக் கவிழ்த்துப் புடவையைக் கட்டித் திரையாக்கினோம். முதல் வாரம் 6 பேர் வந்தனர். ஐந்தாம் வாரம் தாழ்வாரம் கொள்ளவில்லை.

நாளிதழ்ப் பகுதியில் அன்றாடம் அமரும் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். “ஏம்மா, இது லைப்ரரியா, நாடகக் கொட்டகையா?” என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். நூலகர் அம்மாவே முன்வந்து, “ஐயா, இந்தப் பிள்ளைங்கதான் நாளைக்கு உங்க நாற்காலியில உட்காரப் போறவங்க. ரெண்டு மணி நேரம் பொறுத்துக்குங்க” என்றார். அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிச் சென்றார்.

ஆறாம் வாரத்தில் ஒரு சிறு நாடகம் போட முடிவு செய்தோம். சந்தையில் காய்கறிகள் தமக்குள் யார் பெரியவர் என்று சண்டையிடுவதும், கீரைக்காரப் பாட்டி தீர்ப்புச் சொல்வதும் கதை. நாங்களே எழுதிப் படியெடுத்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தோம். பாட்டி வேடத்துக்கு ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தோம். தம்பியை இடுப்பில் சுமந்தபடி வாராவாரம் வருபவள். பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு அவள் கூவினால், சந்தையே தாழ்வாரத்துக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும். இரண்டே வாரத்தில் வசனம் முழுவதையும் பிழையின்றிச் சொன்னாள். “பார்த்தீர்களா, எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறாள்!” என்று நாங்கள் மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நூலகத்துக்கு வருவோர் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். பிள்ளைகள் எழுதினால் நேரம் ஆகும் என்று கருதி, எங்களில் ஒருத்தியே எல்லோர் பெயரையும் எழுதிவந்தாள். அது உதவி என்றே நினைத்திருந்தோம்.

நாங்கள் தவறிய நாள்

கடைசி ஒத்திகையன்று நாடகம் நீளமாக இருக்கிறதென்று பாட்டியின் வசனத்தில் நான்கு வரிகளை மாற்றிப் புதிய தாள் கொடுத்தோம். சிறுமி பழைய வரிகளையே சொன்னாள். “பழசு வேண்டாம், தாளைப் பார்த்துப் படி” என்றோம். மறுபடியும் பழைய வரிகள். “தாளைப் பாரேன்!” என்று எங்களில் ஒருத்தி சற்று உரக்கவே சொல்லிவிட்டாள். அவள் தாளையே நெடுநேரம் பார்த்தாள். உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. பின்னாலிருந்த சில பிள்ளைகள் சிரித்தனர். அவள் பொம்மையைக் கழற்றிப் பெஞ்சின்மேல் வைத்தாள்; தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவள் தெருவைச் சேர்ந்த ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: “அக்கா, அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் வீட்ல படிச்சுக் காட்டுவேன். கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிடுவா.”

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. ஏழு சனிக்கிழமைகள் அவளோடு பாடியிருக்கிறோம், ஆடியிருக்கிறோம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அறியாமலே இருந்திருக்கிறோம். ஒரு நாளாவது பதிவேட்டை அவள் கையில் கொடுத்திருந்தால் அறிந்திருப்போம்.

பின்னர் விசாரித்தபோது காரணம் புரிந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது அவள் முதல் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் தமிழ்நாட்டில் மீண்டும் திறந்தது 2021 நவம்பரில். எழுத்துக் கூட்டக் கற்கும் பருவம் முழுவதும் வீட்டில் கழிந்தது. வீட்டில் ஒரே கைப்பேசி. அது தாயாரோடு சந்தைக்குப் போய்விடும். இவ்விடைவெளியை நிரப்பவே அரசு 2021 இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தாலும் எட்ட முடியாத பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அவள் அவர்களுள் ஒருத்தி.

நாடகம் குறித்த நாளில் நடந்தது. பாட்டி வேடத்தை எங்களில் ஒருத்தி ஏற்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எங்கள் செவிக்கு இனிக்கவில்லை.

வாசிப்பு ஒரு பெருக்கல் கணக்கு

எங்கே தவறினோம் என்று பொறுப்பாசிரியையிடம் கேட்டோம். அவர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார். கஃப், டன்மர் என்னும் இரு அறிஞர்கள் 1986 இல் வகுத்துச் சொன்ன கணக்கு அது. வாசித்துப் பொருளுணர்தல் என்பது இரண்டின் பெருக்கற்பலன். ஒன்று, எழுத்தை ஒலியாக்கும் திறன். மற்றொன்று, கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டலாக இருந்தால் ஒன்று குறைந்தாலும் மற்றது ஈடுகட்டும். பெருக்கலில் ஒன்று சுழியானால் விடையும் சுழிதான்.

அந்தச் சிறுமியிடம் மொழி நிறைந்திருந்தது, எழுத்து இல்லை. சிரித்த எங்களில் சிலரோ ஆங்கிலப் பாடத்தைத் தங்குதடையின்றி வாசிப்போம். பொருள் கேட்டால் கூரையைப் பார்ப்போம். எங்களிடம் எழுத்து உண்டு, மொழி இல்லை. கணக்கின்படி இருவர் நிலையும் ஒன்றே! இதைக் கேட்ட பின் யாரைப் பார்த்தும் சிரிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் மொழியை வளர்க்கின்றன, சொல்வளம் தருகின்றன, நூலின்மேல் ஆசையை மூட்டுகின்றன. எழுத்தைத் தாமாகவே கற்றுத் தருவதில்லை. கலை எழுத்தைத் தொட வேண்டும். இங்கிலாந்தில் பிராட்லி, பிரையன்ட் என்போர் 1983 இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. சொற்களின் ஒலி ஒற்றுமையைக் கண்டறியும் பயிற்சி பெற்ற பிள்ளைகளுள், அப்பயிற்சியோடு எழுத்து வடிவங்களையும் கையில் எடுத்துச் சேர்த்துப் பழகியவர்களே வாசிப்பில் மிகவும் முன்னேறினார்கள்.

கேட்டு வாங்கிய கதை

அவளை மீண்டும் எப்படி அழைப்பது? நூலகர் அம்மா ஒரு வழி சொன்னார்: “அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போறோம்னு போகாதீங்க. அவகிட்ட ஏதாவது கேட்டு வாங்கப் போங்க.”

எங்களில் இருவர் அவளுடைய தாயாரின் கீரைக் கடைக்குச் சென்றோம். அடுத்த பொம்மலாட்டத்துக்குச் சந்தைக் கதை ஒன்று வேண்டும் என்றோம். “அவளைக் கேளுங்க கண்ணு. ராத்திரி தம்பியத் தூங்க வைக்க தினம் ஒரு கதை கட்டுவா” என்றார் அந்த அம்மா. கீரைக் கட்டுகளுக்குப் பின்னால் அமர்ந்திருந்த சிறுமி எங்களைப் பார்க்கவில்லை. “உன்னைச் சத்தம் போட்டது எங்க தப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். இரண்டு சனிக்கிழமைகள் அவள் வரவில்லை. மூன்றாம் வாரம் தம்பியோடு வாசலில் நின்றாள்.

திடீர் மழையில் கீரையெல்லாம் நனைந்துபோன ஒரு நாளின் கதையைச் சொன்னாள். நாங்கள் அட்டையில் பெரிய எழுத்தில், அவள் சொன்ன சொல்லிலேயே எழுதினோம். ‘மழை பேஞ்சது’ என்று அவள் சொன்னால், அதையே எழுதினோம். நூல் தமிழில் ‘மழை பெய்தது’ என்பதைப் பிறகு பக்கத்தில் எழுதிக் காட்டினோம். நியூசிலாந்தில் மவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர், குழந்தையின் மனத்தில் ஊன்றிய சொல்லே அதன் முதல் பாடச் சொல் ஆக வேண்டும் என்று 1963 இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருப்பதைப் பொறுப்பாசிரியை பின்னர் சொன்னார். சிறுமி தன் கதையின்மேல் விரலை வைத்தாள். ‘கீரை’, ‘மழை’, ‘தம்பி’ ஆகிய மூன்று சொற்களை அன்று அடையாளம் கண்டாள்.

‘பேஞ்சது’ என்பதில்தான் தடுமாறினாள். ஏன் என்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. தமிழில் கொம்பு முன்னால் நிற்கும். ஒலியோ மெய்க்குப் பின்னால் வரும். கண் முதலில் காண்பதை நா பின்னால் சொல்ல வேண்டும். 247 எழுத்துகளையும் நாம் எப்போதோ கற்று மறந்துவிட்டதால், இத்தகைய முடிச்சுகள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

அதன் பின் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் எழுத்துக்கு ஓர் இடம் வைத்தோம். இப்பணியில் இறங்க விரும்பும் தோழியருக்காக அவற்றைக் கீழே தருகிறோம்.

1. பாட்டும் எழுத்தட்டையும்: எதுகை அமைந்த சொற்களைப் பாடச் சொல்லி, அட்டைகளையும் அடுக்கச் சொல்வோம். ‘கடல்’ என்பதில் முதல் அட்டையை மாற்றினால் ‘உடல்’. மறுபடி மாற்றினால் ‘மடல்’. காதால் கேட்ட ஒற்றுமையைக் கண்ணாலும் காண்பார்கள்.

2. வில்லுப்பாட்டு முறை: முன்பாட்டுக்காரர் ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர் அதையே வாங்கிச் சொல்வர். அவ்வரியைப் பெரிதாக எழுதி, கோலால் சொல் சொல்லாகத் தொட்டுக் காட்டுவோம். குடமும் தாளமும் இருந்தால் பத்து முறை வாசித்தாலும் சலிப்பதில்லை. ஒரு பகுதியையே திரும்பத் திரும்ப வாசிப்பது வாசிப்பைச் சரளமாக்கும் என்று சாமுவேல்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1979 இல் எழுதினார்.

3. வாசிப்பு நாடகம்: வசனத்தை மனப்பாடம் செய்யக் கூடாது, தாளைப் பார்த்தே நடிக்க வேண்டும். வாரம்தோறும் வேடத்தை மாற்றுவோம். தெரியாத சொல் வந்தால் பக்கத்திலிருப்பவர் காதில் சொல்லலாம், யாரும் சிரிக்கலாகாது.

4. சொன்ன கதை, எழுதிய நூல்: பிள்ளைகள் சொல்லும் கதையை எழுதி, அவர்களையே படம் வரையச் செய்து, நடுவில் தைத்து நூலாக்குவோம். நூலகர் அம்மா அதற்கு எண் இட்டு அலமாரியில் வைக்கிறார். தன் பெயர் அட்டையில் உள்ள நூலைத் தேடிப் பிடித்து வாசிக்காத பிள்ளை இல்லை.

5. கையில் ஒரு நூல்: பொம்மலாட்டம் முடிந்தவுடன் அதே கதையோ, அதை ஒத்த கதையோ உள்ள நூலை எடுத்துக் காட்டி, வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவோம். கற்ற எழுத்து கையாளப்படாவிட்டால் துருப்பிடிக்கும். அதைத் துலக்கி வைப்பது வீட்டுக்குப் போகும் நூல்தான்.

முடிவுரை

அந்தச் சிறுமி இப்போது சரளமாக வாசிக்கிறாள் என்று எழுத எங்களுக்கு ஆசைதான். ஆனால் உண்மை அதுவன்று. விரல் வைத்துத்தான் வாசிக்கிறாள். கொம்பு வந்தால் நின்று யோசிக்கிறாள். ஏழாம் வகுப்புப் பாடநூல் அவளுக்கு இன்னும் எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மணி நேரம் இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தந்துவிடாது. ஆயினும், ‘மழையில் நனைந்த கீரை’ என்னும் நூலை எழுதியவள் அவள். அதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டுகிறாள். அவன் கேள்வி கேட்டால் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து விடை சொல்கிறாள்.

நாளிதழ் படிக்கும் பெரியவர் இப்போது எங்களைக் கடிந்துகொள்வதில்லை. 12 மணிக்குப் பிள்ளைகள் வெளியே வரும்போது நாளிதழைத் திருப்பிப் பிடித்து, “இந்தத் தலைப்பை யார் படிக்கிறது?” என்று கேட்கிறார்.

நாங்கள் செய்த மாற்றங்களுள் மிகச் சிறியது எதுவென்று கேட்டால், பதிவேட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்ததுதான். வரிசை வாசல்வரை நீள்கிறது. நேரம் ஆகத்தான் செய்கிறது. சென்ற சனிக்கிழமை அந்தச் சிறுமி தன் பெயரை எழுதினாள். பேனாவைக் கீழே வைக்காமல், அடுத்த வரியில் தம்பியின் பெயரையும் எழுதினாள்.

தோழியரே, நாங்கள் இவ்வாண்டோடு பள்ளியை விட்டுச் செல்கிறோம். பொம்மைகள் நூலக மன்றத்தின் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பின்புறத் தாழ்வாரத்தில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். பெட்டியைத் திறக்க உங்களில் யார் வரப்போகிறீர்கள்?